துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரி நாட்காட்டியில், பிள்ளைகளின் விமான நேரத்தை அம்மா பேனாவால் எழுதி வைப்பார். அண்ணன் இருப்பது துபாயில். தங்கை குடும்பம் சிங்கப்பூரில். ஒரு முறை விடுமுறை முடிந்து இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கிளம்பினார்கள். அண்ணனுக்குச் சென்னையில் காலை 10 மணிக்கு விமானம், துபாயில் இறங்குவது பகல் 12.55. தங்கைக்கும் காலை 10 மணிதான், ஆனால் சிங்கப்பூரில் இறங்குவது மாலை 4.55. அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரியவன் மூணு மணி நேரத்துல போய்ச் சேந்துடுறான். சின்னவளுக்குத்தான் ஏழு மணி நேரம். கைக்குழந்தைய வச்சிக்கிட்டு எப்படித்தான் உக்காந்திருக்கப் போறாளோ."

அம்மா கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. டிக்கெட்டில் இருந்ததைத்தான் எண்ணினார். ஆனால் நடப்பு வேறு. சென்னை விமான நிலையத்திலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூரின் சாங்கி சுமார் 2,920 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து தி.நகர் போகிற அளவுக்குத்தான் வித்தியாசம். ஒன்று நேர் மேற்கே கொஞ்சம் வடக்கு, மற்றொன்று நேர் கிழக்கே கொஞ்சம் தெற்கு. அந்த இரண்டு டிக்கெட்டின்படியும் பயண நேரம் ஒன்றேதான்: 4 மணி 25 நிமிடம்.

எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று பார்க்க ஆயிரம் செயலிகள் வந்துவிட்டன. அவை காட்டும் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும் குழப்பம் வராது. இந்த இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில் கடிகாரம். விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். கிரீன்விச் நேரத்தைவிடத் துபாய் 4 மணி முன்னால், இந்தியா ஐந்தரை மணி முன்னால், சிங்கப்பூர் 8 மணி முன்னால் இருக்கின்றன. ஆகவே துபாயில் 12.55 என்றால் நம் ஊரில் ஒன்றரை மணி கூட்டி 2.25. சிங்கப்பூரில் 4.55 என்றால் நம் ஊரில் இரண்டரை மணி கழித்து, அதுவும் 2.25. நம் வீட்டுக் கடிகாரப்படி அண்ணனும் தங்கையும் இறங்குவது ஒரே நேரத்தில். அம்மாவிடம் இதை எழுதிக் காட்டியபோது வெகுநேரம் நம்பவில்லை. திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அதே கணக்கில், சிங்கப்பூரில் காலை 10-க்குக் கிளம்பினால் சென்னையில் 11.55-க்கே வந்துவிடலாம், வெறும் இரண்டு மணி நேரம்போலத் தெரியும். துபாயில் 10-க்குக் கிளம்பினால் இங்கே கிட்டத்தட்ட நாலு மணி ஆகிவிடும்.

வழி இதுதான்: இறங்கும் நேரத்தை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கழியுங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இப்போது ஒரே நேரம் என்பதால் கொழும்பு, யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லண்டன் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதல். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், கோடையில் நாலரை மணி.

நேரத்தைவிடத் தேதிதான் அதிகம் ஏமாற்றும். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா விமானங்கள் பல நள்ளிரவைத் தாண்டித்தான் கிளம்புகின்றன. "15-ஆம் தேதி, 00.40" என்று டிக்கெட் சொன்னால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். எங்கள் சித்தப்பா 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றார். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலையில் சேர வேண்டிய நாள் தவறி, புது டிக்கெட்டுக்கு அவர் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு நள்ளிரவு விமானம் என்றாலும் நாட்காட்டியில் முந்தின நாள் கட்டத்தில்தான் எழுதுவோம்.

சரி, தூரத்துக்கு வருவோம். சாலைத் தூரத்தைச் சாலை வளைகிற வளைவையெல்லாம் சேர்த்து அளப்போம். வானத்தில் சாலை இல்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு குறியீட்டுப் புள்ளி வைத்திருக்கிறார்கள். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாருக்கும் தெரிந்தவை. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் என்று எந்தச் செயலி சொன்னாலும், அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே பூமியின் மேற்பரப்பில் போகக்கூடிய மிகக் குறைந்த தூரத்தைத்தான் சொல்கிறது. ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரமும் இதுவும் ஒன்றல்ல. லண்டன் என்று மட்டும் தேடினால் போதாது, ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா என்று பார்க்க வேண்டும். பரந்தூரில் திட்டமிட்டிருக்கும் விமான நிலையம் வந்துவிட்டால் சென்னைக்கும் இந்தக் கேள்வி வரும்.

இந்தத் தூரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை. மதுரை விமான நிலையம் வடக்கு 9.83, கிழக்கு 78.09. வடக்கு தெற்காக வித்தியாசம் 3.16 பாகை. ஒரு பாகை அட்சரேகை என்பது பூமியில் எங்கே அளந்தாலும் சுமாராக 111 கிலோமீட்டர். ஆக, 351 கிலோமீட்டர் தெற்கே. கிழக்கு மேற்காக வித்தியாசம் 2.08 பாகை. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். உரித்த சாத்துக்குடியின் சுளையைப் பாருங்கள்: நடுவில் அகலம், மேலும் கீழும் போகப் போகக் குறுகி ஒரு புள்ளியில் முடியும். தீர்க்கரேகைகளும் அப்படித்தான். பூமத்திய ரேகையில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், லண்டன் பக்கம் போனால் 69, துருவத்தில் சுழியம். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே அது 109. ஆக, 227 கிலோமீட்டர் மேற்கே. இப்போது பிதாகரஸ்: 351-இன் வர்க்கம், 227-இன் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418. செயலிகளும் 418-ஐ ஒட்டித்தான் காட்டும். சாலையில் இதே பயணம் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். எண் ஒத்துப்போகும்போது மனசுக்குள் வரும் சந்தோஷத்துக்காகவே இதை ஒரு முறை பேப்பரில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கடல், வான்வழிக்காரர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டுக் கடல் மைல் என்று பேசுவதற்கும் காரணம் இந்தப் பாகைதான். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. பூமியின் மேல் ஒரு கலை அட்சரேகைதான் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட். இருக்கையின் முன் திரையில் "450 நாட்" என்று காட்டினால், மணிக்கு 833 கிலோமீட்டர் என்று அர்த்தம்.

பிதாகரஸ் கணக்கு தட்டையான தரைக்கு ஏற்றது. சென்னையிலிருந்து டெல்லி, கொழும்பு வரை தாராளமாகப் போடலாம். கண்டம் விட்டுக் கண்டம் போனால் பூமி உருண்டை என்பது உறைக்கத் தொடங்கும். வீட்டில் சின்ன உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை டெல்லியிலும் மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண், நூல் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் போகும் என்று எதிர்பார்க்கும். நூலோ திபெத், சைபீரியா வழியாக நேராக வடக்கே ஏறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா பக்கம் இறங்கும். அந்த நூல் போகும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. உருண்டையின் மேல் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்து, கோள முக்கோணவியல் கொண்டு அந்தத் துண்டின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். டெல்லி–சான் பிரான்சிஸ்கோவுக்கு அது சுமார் 12,380 கிலோமீட்டர்.

இந்தத் தடத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏர் இந்தியா முதலில் டெல்லியிலிருந்து மேற்கே, அட்லாண்டிக் வழியாகத்தான் சான் பிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்தது. அந்த வழி ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையை மாற்றிக் கிழக்கே, பசிபிக் வழியாகப் போனார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ சுமார் பதினான்கரை மணியாகக் குறைந்தது, முன்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம். 1,400 கிலோமீட்டர் சுற்றிப் போய் இரண்டு மணி முன்னால் சேர்ந்தார்கள். எல்லாம் காற்று செய்த வேலை. காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்னொன்று சொல்லிவிட வேண்டும்.

ஏன் 12,380 கிலோமீட்டர் வழியிலேயே போகவில்லை? விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், மூச்சு விடக்கூடிய 10,000 அடி உயரத்துக்கு உடனே இறங்க வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், கிட்டத்தட்ட 15,000 அடி. இறங்க இடமே இல்லை. அதனால் விமானங்கள் கூடிய மட்டும் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கின்றன. அரசியலும் வழியை மாற்றும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடிவிட்டது. ஃபின்ஏர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போனது. இப்போது 13 மணி ஆகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வானம் இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து, டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்றுகின்றன. நம் துபாய் விமானம் எப்போதும் அரபிக்கடலைத் தாண்டி ஓமான் வழியாகப் போவதுதான், அதற்குப் பாதிப்பில்லை. இந்தத் தடைகள் எதுவும் இல்லாவிட்டாலும், நிஜத்தில் பறக்கும் தூரம் செயலி சொல்வதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வானில் பெயரிட்ட புள்ளிகள் இருக்கின்றன. விமானம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று தொட்டுத் தொட்டுப் போகிறது.

இப்போது நேரம். ஜெட் விமானம் எவ்வளவு வேகம் போகும்? நம் துபாய், சிங்கப்பூர் தடங்களில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் போகும். நீண்டதூரப் பெரிய விமானங்கள் 900. அதற்கு மேல் போனால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறி எரிபொருளை விழுங்கிவிடும்.

830-ஆல் 2,930-ஐ வகுத்தால் மூன்றரை மணிதான் வருகிறது. டிக்கெட் ஏன் 4 மணி 25 நிமிடம் என்கிறது? "10 மணி புறப்பாடு" என்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நேரம். "12.55 வருகை" என்பதும் தரை தொடும் நேரம் அல்ல. போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதைத்தான் விமானத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள். டிக்கெட்டில் இருப்பது அதுதான். விமானி மைக்கில் "நம் பறக்கும் நேரம் 3 மணி 50 நிமிடம்" என்று சொன்னால், அது சக்கரம் எழும்புவதிலிருந்து சக்கரம் தொடுவது வரை. இரண்டு எண்ணும் சரிதான், அளப்பவை வேறு.

அந்த மீதி நேரம் எங்கே போகிறது என்று சன்னல் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியும். 10 மணிக்கு டிராக்டர் மாதிரி ஒரு வண்டி விமானத்தின் மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளும். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறும். அப்புறம் ஓடுபாதையின் முனை வரை மெதுவாக உருண்டு போக வேண்டும். முன்னால் இரண்டு விமானம் நின்றால் காத்திருக்க வேண்டும். சக்கரம் எழும்பும்போது 10.15, சில நாள் 10.25. எழும்பும் திசையும் நம் கையில் இல்லை. விமானம் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் எழும்பும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: சிங்கப்பூர் போகிற விமானம்கூட மேற்கே பார்த்து ஏறும். பிறகு வளைந்து திரும்பி, ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகும். அந்த வளைவுக்கே சில நிமிடம். 35,000 அடி ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம். அப்போது வேகமும் குறைவு. இறங்குவதும் அப்படியே. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் அளவு. 35,000 அடிக்கு 105 கடல் மைல், அதாவது 190 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேல். துபாய் கண்ணுக்கே தெரியாத தூரத்தில், ஓமான் மேல் பறக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் சேர்த்து நான் கையாளும் கணக்கு ஒன்று உண்டு: கிலோமீட்டரை 800-ஆல் வகு, முக்கால் மணி கூட்டு. துபாய், சிங்கப்பூர் இரண்டுக்கும் 3 மணி 40 நிமிடம் கூட்டல் 45 நிமிடம், சரியாக 4 மணி 25 நிமிடம். டெல்லி 1,760 கிலோமீட்டர்: ஏறக்குறைய 2 மணி 57 நிமிடம். லண்டன் ஹீத்ரோ 8,230 கிலோமீட்டர்: 11 மணிக்குக் கொஞ்சம் மேல். மதுரை 418 கிலோமீட்டர்: 1 மணி 16 நிமிடம். கால அட்டவணைகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கால் மணி இங்கே அங்கே இருக்கும். மதுரைக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? பறக்க அரை மணி, மற்றவற்றுக்கு முக்கால் மணி. 35,000 அடி ஏற 200 கிலோமீட்டர், இறங்க 200 கிலோமீட்டர் என்றால், ஏறி முடித்ததும் இறங்க வேண்டியதுதான். அதனால் மதுரை விமானங்கள் அவ்வளவு உயரம் போவதில்லை.

இந்தக் கணக்கு ஜெட்டுக்கு மட்டும். விசிறி சுற்றும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர்தான் போகும். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கியபோது அந்த வகைதான் பறந்தது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு 356 கிலோமீட்டர்தான், மதுரையைவிடப் பக்கம். ஆனாலும் நேரம் மதுரைக்கு ஆவதுபோலத்தான் ஆகிறது.

பாக்கி இருப்பது காற்று. பள்ளிக்கூடத்தில் படகுக் கணக்கு போட்டிருப்போம்: ஆற்றின் போக்கில் போனால் இவ்வளவு நேரம், எதிர்த்துப் போனால் இவ்வளவு நேரம். விமானமும் அந்தப் படகுதான், ஆறு மட்டும் காற்றில் ஓடுகிறது. 830 கிலோமீட்டர் என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். எதிர்க்காற்று 100 கிலோமீட்டர் வீசினால் தரையைப் பொறுத்தவரை 730-தான். பின்னாலிருந்து வீசினால் 930. 2,930 கிலோமீட்டருக்கு முதலாவது 4 மணி, இரண்டாவது 3 மணி 9 நிமிடம். ஐம்பது நிமிட வித்தியாசம்.

வடக்கே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெரிய காற்றாறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். டெல்லி விமானம் பசிபிக் வழியாகச் சுற்றிப் போனது இந்த ஆற்றில் இறங்கிப் போவதற்காகத்தான். துபாயும் குளிர்காலத்தில் அந்த ஆற்றின் கீழ் வந்துவிடும். அண்ணன் டிசம்பரில் ஊருக்கு வரும்போதெல்லாம், போன நேரத்தைவிட இருபது முப்பது நிமிடம் முன்னாலேயே இறங்கிவிடுவார்.

இதைக் கேட்டுவிட்டு, "பூமி கிழக்கே சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாகவே கிட்டே வர வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஓடும் ரயிலில் பந்தை மேலே தூக்கிப் போட்டால் அது நம் கைக்கே வருகிறது, பின் பெட்டிக்குப் போவதில்லை. பந்தும் ரயிலின் வேகத்தைக் கொண்டிருக்கிறது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, அந்தக் காற்றுக்குள் விமானமும் சுற்றுகிறது. சுற்றும் வேகத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

கிழக்கே போனால் சீக்கிரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வட நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. நம் தலைக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடப்பது நேர்மாறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதன் மையம் ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டியே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம் 1958-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் என்று உலகமே இன்று பேசும் காற்று அது. அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது, ஆனாலும் விமான உயரத்தில் கிழக்குக் காற்று நன்றாகவே உறைக்கும். ஜூலையில் சிங்கப்பூர் போகும் தங்கைக்கு அது எதிர்க்காற்று, திரும்பி வரும்போது பின்காற்று. கீழே தரையில் மேற்கிலிருந்து காற்று வீசி மழை தருகிறது, அதே நேரம் பல கிலோமீட்டர் மேலே காற்று எதிர்த்திசையில் ஓடுகிறது. வானத்தைப் பார்க்கும்போது இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

காற்று நாளுக்கு நாள் மாறும். டிக்கெட்டில் நாளுக்கு ஒரு நேரம் போட முடியாது. ஆகவே விமான நிறுவனங்கள் பருவத்துக்கு ஒரு சராசரி எடுத்து, தாமதத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டு அட்டவணை போடுகின்றன. கால் மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

மாறிப் போகும் பயணத்துக்கு ஒரு வார்த்தை. துபாய் வழியாக லண்டன் போனால் எத்தனை கிலோமீட்டர் கூடும்? சென்னை–துபாய் 2,930, துபாய்–ஹீத்ரோ ஏறக்குறைய 5,500, மொத்தம் 8,430. நேர் வழி 8,230. கூடுவது 200 கிலோமீட்டர்தான். துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குவதால் அந்த முக்கால் மணி இரண்டு முறை கணக்கில் வரும். நடுவில் காத்திருக்கும் நேரம் தனி. டிக்கெட் மலிவாக இருந்தால், நான் முதலில் பார்ப்பது அந்தக் காத்திருப்பைத்தான்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு என்று பார்த்தால் கணக்கே வேறு. மதுரைக்கு விமானம் ஒன்றேகால் மணி. தாம்பரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அது லாபம். மாதவரத்திலிருந்து வருகிறவர் மீனம்பாக்கம் சேர ஒன்றரை மணி, அங்கே பாதுகாப்புச் சோதனைக்கும் மற்றதற்கும் ஒன்றரை மணி, மதுரையில் இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் போக ஒரு மணி என்று கூட்டினால் ஐந்து மணியைத் தாண்டும். எழும்பூரில் ஏறினால் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் மதுரை நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. அண்ணனை அழைக்கப் போகும்போதும் இதே மாதிரிதான் கணக்கு. 3.55 என்று போட்டிருந்தால் குடிவரவு, பெட்டி, சுங்கம் முடித்து அவர் வெளியே தலை காட்ட ஐந்து மணி ஆகிவிடும். அம்மா மட்டும் நாலு மணிக்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.